நிற்கும் நேட் விமானம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பெங்களூரில் ஒரு கல்லூரி வளாகத்தில் நிற்கும் நேட் போர்விமானத்தை நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்துக்கொள்கிறோம். மூன்று பேர் விமானத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நாலாவது ஆள் அதே கல்லூரியில் படித்த தம்பி. முருகேஷ்பாளையாவிலிருந்தும் அல்சூரிலிருந்தும் காலை ஏழு மணிக்கு வந்து சேர்வோம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவோம்.

நேட் இந்த ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்தின் பாலண்ட் கம்பெனியில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது, 1956இல் உரிமம் வாங்கி இங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கட்டினார்கள். 1965 செப்டம்பர் 3ஆம் தேதி நம் விமானப்படை விமானி ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் போர்விமானம் ஒன்றை வீழ்த்தியதாகப் பதிவானது நேட்டில்தான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் தனியாக நின்று போரிட்டு உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நேட்டே. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர். அப்படிப்பட்ட விமானம் ஒரு மரத்தடியில் நின்று உள்ளுக்குள்ளேயே உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ குடியிருப்பிலோ இப்படி ஒரு பழைய விமானம் நிற்கிறது என்றால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: பெயிண்ட் டப்பாவைக் கீழே வையுங்கள். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் மேலே ஒரு கோட்டிங் அடித்துவிட்டு, பராமரித்தாயிற்று என்று நினைப்பதுதான் நான் பார்த்த பெரும்பாலான விமானங்களைக் கெடுத்தது. பெயிண்ட் கோளாறை மறைக்கும், நிறுத்தாது. பேனலைத் திறந்து உள்ளே பார்ப்பதுதான் பராமரிப்பு. அதைச் செய்ய ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் மாங்காய் மழை வந்துவிட்டால் எதையும் திறந்து போடாதீர்கள்.

இருக்கையைப் பற்றி யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார்கள்

அப்படியானால் காக்பிட்டுக்குள் தலையைக்கூட நீட்டக் கூடாது. மற்ற எல்லாக் கோளாறையும் விட இது முக்கியம், அதனால்தான் முதலில் வைத்தேன்.

விமானியை வெளியே எறியும் இருக்கை வெடிமருந்துத் தோட்டாக்களால் வேலை செய்வது. நேட்டில் இருப்பது பாலண்ட் கம்பெனியே செய்த இலகுவான இருக்கை. விமானியின் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற மூடியான கேனோபியைக் கழற்றி எறியவும் தனியாக ஏற்பாடு இருக்கலாம். காட்சிக்குக் கொடுக்கும்போது தோட்டாக்களை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் “எடுத்திருப்பார்கள்” என்பது போதாது. எடுத்தாயிற்று என்று எழுதிய தாள் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால், விமானத்தைக் கொடுத்த பிரிவுக்குக் கடிதம் போட்டு, ஆயுதப் பிரிவில் பயிற்சி பெற்ற ஆளை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வெடிமருந்து வயதாக ஆக அமைதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்களுக்கு அந்தத் தாள் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை வெளிவேலை மட்டும் செய்தோம்.

அந்தக் கடிதத்திலேயே எரிபொருள் தொட்டிகள் காலி செய்யப்பட்டனவா என்றும் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் போனால் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்றால் தொட்டியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த வாடை போகும் வரை வெல்டிங், கிரைண்டர், பீடி எதுவும் கிட்டே வரக் கூடாது.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

சொட்டுவது நல்ல செய்தி, அதாவது தண்ணீர் வெளியேற வழி தேடிக்கொண்டிருக்கிறது. சொட்டாமல் உள்ளேயே தங்கிவிட்டால்தான் கவலை.

விமான உடம்பின் அடிப்பக்கத்திலும் இறக்கையின் அடியிலும் சின்னச் சின்ன வடிகால் துளைகள் உண்டு. பென்சில் முனை போகும் அளவுதான். எங்கள் விமானத்தில் பாதித் துளைகள் பெயிண்டால் அடைபட்டிருந்தன, மீதி குளவி மண்ணாலும் தூங்குமூஞ்சி மரத்தின் இலையாலும். முதல் நாள் ஒரு துளையைத் திறந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊற்றியது. வாளியைக் கொண்டு வருவதற்குள் தம்பியின் சட்டை நனைந்துவிட்டது.

துளையைத் திறக்கக் கம்பி வேண்டாம். இரும்புக் கம்பி உள்ளே இருக்கும் பிரைமரை, அதாவது உலோகத்தின் மேல் முதலில் அடிக்கும் காப்புப் பூச்சை, சுரண்டிவிடும், சுரண்டிய இடத்திலிருந்து அரிப்பு தொடங்கும். தென்னை ஈர்க்குச்சிதான் சரியான கருவி. வளையும், உடைந்தால் கீழே விழும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. துளை திறந்ததும் மேலே பேனல் வழியாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வராத இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே உள்ளே இன்னொரு அடைப்பு இருக்கிறது.

அடுத்து, தண்ணீர் உள்ளே வரும் வழி. பெரும்பாலும் கேனோபி விளிம்பு ரப்பர், காணாமல் போன திருகு ஓட்டைகள், இறக்கை உடம்போடு சேரும் இடத்து மூடி. ரப்பர் பட்டையை ஜே.சி. ரோட்டில் கார் கதவுக்கு விற்கும் வகையில் தேடினாலே நெருக்கமான அளவு கிடைக்கும். காலி திருகு ஓட்டைகளை சிலிகான் வைத்து அடைக்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிகான் காயும்போது அமிலத்தை விடும், அலுமினியத்தைத் தின்னும். அதோடு, அடுத்த தடவை திறக்கும்போது அது பெரிய தொல்லை.

அப்புறம் தார்ப்பாய். இறுக்கமாகப் போர்த்திக் கட்டிய நீலத் தார்ப்பாய் மழையைவிட அதிகக் கெடுதல் செய்யும். பகலில் சூடாகும் உலோகம் இரவில் குளிரும்போது உள்பக்கம் முழுக்க வியர்க்கும், போகவும் வழியிருக்காது. பெங்களூர்க் குளிர்காலத்தில் அதிகாலை போய்த் தார்ப்பாயின் அடியில் கை வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டும். மேலே கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுவதுதான் சரி.

பேனல் திருகு அசையவே இல்லை

இதில்தான் எல்லாரும் பொறுமை இழப்பார்கள். நாங்களும் இழந்தோம்.

எஃகுத் திருகு அலுமினியத்தில் பல வருடம் ஈரத்தோடு இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேறு உலோகங்கள் நடுவில் தண்ணீர் இருந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை நடக்கும், அதில் கரைவது அலுமினியம். திருகைப் பலமாகத் திருப்பினால் தலையின் பள்ளம் வழுக்கிப் போகும். அதோடு வேலை நாலு மடங்காகும்.

முதலில் பள்ளத்திலிருக்கும் பெயிண்டைக் கூரான ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். முக்கால்வாசித் தோல்வி இங்கேதான், ஸ்க்ரூடிரைவர் பெயிண்டைப் பிடிக்கிறது, திருகைப் பிடிப்பதில்லை. ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வரை விடுங்கள். நடுவில் யாராவது வளாகத்தில் இருப்பவர் தினம் ஒரு சொட்டு விட்டால் இன்னும் நல்லது. எங்கள் காவலாளி அண்ணன் ஆம்பூர்க்காரர். கேட்காமலே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அவர் சொட்டுவிட்ட திருகுகள்தான் முதலில் கழன்றன.

ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூடிரைவரின் முனையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவுங்கள். எஞ்சின் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சொரசொரப்பான பசை அது. முனை வழுக்காமல் கவ்வும். சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு, பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். கையால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் வகையை மட்டும் எடுத்து வராதீர்கள். அதற்குப் பொறுமை கிடையாது, பள்ளத்தைத் தின்றுவிடும். இதற்கும் அசையாவிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துப் பேனலைக் கழற்றுங்கள். தண்டை உள்ளே நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது பிரிட்டிஷ் வடிவமைப்பு, அங்குலக் கணக்கு. வீட்டிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டைக் கொண்டு வந்து “கிட்டத்தட்ட பொருந்துகிறது” என்று மாட்டினால் நட்டின் முனைகள் உருண்டு போகும். புரி அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்த பிறகே மாற்றுத் திருகு தேடுங்கள்.

கழற்றிய திருகுகளை டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையில் பேனலின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எடுத்தோமோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே பேனலில் மூன்று நீளத்தில் திருகு இருக்கும். நீளமானதைத் தப்பான துளையில் போட்டால் உள்ளே இருக்கும் குழாயைக் குத்தும். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு திருகிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள், அடுத்த முறை உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

பெயிண்ட் கொப்புளம் விடுகிறது, ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி

அலுமினியம் இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பொடியும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்து, அடியில் உலோகம் பளபளவென்று தெரிந்தால் நீங்கள் சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள். அடியில் குழி குழியாக இருந்தால் கொஞ்சம் தாமதம். உலோகம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வீங்கியிருந்தால் அந்தத் தகட்டை எதுவும் மீட்காது. அது எந்தப் பாகம் என்று பாருங்கள். இறக்கையின் முக்கிய சட்டத்தில் என்றால் யாரும் விமானத்தின் மேல் ஏறக் கூடாது, அமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

தேய்ப்பதற்கு இரும்பு பிரஷ், பாத்திரம் துலக்கும் இரும்பு நார் இரண்டும் கூடாது. அவற்றின் துகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த மழைக்குப் புதிய புள்ளிகளை உண்டாக்கும். பச்சை நைலான் நார் போதும். பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள் வேண்டாம். மென்மையான ஷாம்பூவும் நிறையத் தண்ணீரும் போதும். கார் கழுவும் அழுத்தப் பம்பும் வேண்டாம், அது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடுக்குக்குள் தண்ணீரைத் திணிக்கும். அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்து வேலை பார்க்கும்.

பெயிண்டுக்கு அடியில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். அது பெரும்பாலும் குரோமேட் பிரைமர். அரிப்பைத் தடுப்பதில் கெட்டிக்காரச் சாமான், ஆனால் தூளாகி மூச்சில் போனால் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, தகுந்த முகமூடி போட்டு, துடைத்த துணியைத் தனிப் பையில் கட்டி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். மாணவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். கை நிறைய ஆள் இருக்கிறது என்பதால் விட்டுவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். நல்ல நிலையில் ஒட்டியிருக்கும் பழைய பிரைமரை அப்படியே விட்டு, வெறும் உலோகம் தெரியும் இடத்தில் மட்டும் துத்தநாக பாஸ்பேட் பிரைமர் அடித்து மேலே பெயிண்ட் வைக்கலாம்.

மும்பையில் கடலோரமாக இப்படி ஒன்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பகுதி இரண்டு மடங்கு பொருந்தும். உப்புக்காற்று என்பதால் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, புகையும் தூசியும் மட்டும்தான்.

சக்கரத்தில் சாம்பல் நிறத்தில் உப்புப் பூத்து வீங்கியிருந்தால் அது மக்னீசியம் கலவையாக இருக்கலாம். சந்தேகம் என்றால் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மக்னீசியம், உடனே கழுவிவிடுங்கள். அதன் பக்கத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

கேனோபி மஞ்சளாகி, மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது

விரிசல் விழுந்ததைத் திருப்ப முடியாது, பெருகாமல் தடுக்கலாம். கேனோபி செய்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குத் தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எல்லாமே விஷம். ஒரு துடைப்பில் நூறு விரிசல் விழும். பெயிண்ட் அடிக்கிறவர் தெறித்த பெயிண்டைத் தின்னர் துணியால் துடைத்ததில் ஒரு கேனோபி பாழானதை நேரில் பார்த்தேன். தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, மோதிரம் கழற்றிய வெறுங்கையால் தடவி, பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியில் உறை தைத்து, மேலே படாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டினால் வெயில் பாதிப்பு குறையும்.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது

டயரா, சக்கரக் காலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டயர் தட்டையாக இருந்தால் பார்த்தாலே தெரியும். டயர் நன்றாக இருந்து, காலில் பளபளக்கும் உருளை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் அழுத்த வாயு வெளியேறிவிட்டது.

பழைய டயரில் பஞ்சர் கடைக்காரரை விட்டுக் காற்று ஏற்ற வேண்டாம். வயதான டயர் வெடிக்கும். இந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக போல்ட் போட்டுச் சேர்த்தவை. உள்ளே காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைத் தளர்த்தினால் ஆள் பிழைப்பது கஷ்டம். நேட் காலியாக 2 டன்னுக்குச் சற்று மேல்தான். எடையை டயரிலிருந்து எடுத்து, அச்சுக்கு அடியில் எஃகு ஸ்டாண்டு வைத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. ஜாக்கி வைக்கக் குறித்த இடங்களில் மட்டும் வைக்க வேண்டும், வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்ளே போகும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள், ஸ்டாண்டின் கீழே கருங்கல் பலகை போடுங்கள், மண்ணில் வைத்தால் அடுத்த மழைக்குப் புதையும். உள்ளே போன காலுக்கு, இரண்டாகப் பிளந்த குழாயைக் கவசம் போலச் சுற்றிப் பூட்டினால் உயரம் நிற்கும். வெளியே தெரியாமல் பெயிண்ட் அடிக்கலாம், இதில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூக்கு லேசாகத் தூக்குகிறது என்றால், முன்பக்க எடை போய்விட்டது. நேட்டின் 2 பீரங்கிகளும் காற்று உள்வாங்கும் வாய்களின் ஓரத்தில் இருந்தவை, 30 மில்லிமீட்டர் ஏடன் வகை, ஒவ்வொன்றும் 87 கிலோ. அவற்றைக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்த இடத்தில் மணல் மூட்டை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெயிண்ட் பூசிய இரும்புக் கட்டியை ரப்பர் விரித்து வையுங்கள்.

சக்கரக் குழியிலிருந்து சிவப்பு எண்ணெய்

ஹைட்ராலிக் எண்ணெய். நேட்டில் சக்கரக் கால்களும் அவற்றின் கதவுகளும் பறக்கும்போது பாதி வெளியே வந்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்காகவும் வேலை செய்யும், அதனால் அந்தக் குழியைச் சுற்றிக் குழாய்கள் நெரிசலாக இருக்கும். சொட்டும் இணைப்பை இறுக்கிப் பார்க்காதீர்கள், பழைய குழாய் ஒடிந்துவிடும். தட்டு வைத்துப் பிடித்து, வடிந்து முடிந்ததும் இணைப்பைத் துடைத்து மூடுங்கள். பறக்கப் போவதில்லை, எண்ணெய் தேவையில்லை.

புறா, குளவி, தேனீ

காற்று வாயைப் பலகை வைத்து மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். அரை அங்குலக் கம்பி வலை, அதன் பின்னால் கொசுவலை. புறா எச்சம் பெயிண்டை அரிக்கும், உலர்ந்தால் நுரையீரலுக்கும் ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே முகமூடி போட்டு வழியுங்கள். மலைத்தேனீ அடை கட்டியிருந்தால் மருந்தோ புகையோ போடாமல், பிடித்து இடம் மாற்றுகிறவர்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் ஒரு மாதம் வேலையை நிறுத்திக் காத்திருந்தோம்.

டயல்கள் இருட்டில் ஒளிரவில்லை

அதனால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். அந்தக் காலக் கருவிகளின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். ஒளி தரும் பொருள் சில பத்தாண்டுகளில் களைத்துப்போகும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி முழுதாக இருந்தால் கழற்றாமல், திறக்காமல், மாணவர்களை அதிக நேரம் உட்கார விடாமல் விட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். காக்பிட்டை மூடிப் பூட்டிவிட்டு மும்பையிலிருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

வாலில் எண் இல்லை, இது எந்த விமானம் என்று தெரியவில்லை

வாலில் இருப்பது யாரோ பின்னால் எழுதிய எண்ணாக இருக்கலாம். உள்ளே பேனல்களின் பின்பக்கம் பாருங்கள். கட்டியவர்கள் ஒவ்வொரு பேனலிலும் விமான எண்ணைப் பொறித்தோ எழுதியோ வைப்பார்கள், மாறிப் போகாமல் இருக்க. இரண்டு மூன்று பேனலில் ஒரே எண் வந்தால் நம்பலாம், ஒன்றில் மட்டும் வந்தால் அது வேறு விமானத்துப் பேனலாக இருக்கலாம்.

எண் தெரியாவிட்டால் பெயிண்ட் அடுக்குகளைக் கேளுங்கள். வாலுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளங்கை அளவு இடத்தை எடுத்து, 600 எண் உப்புத்தாளை நனைத்து, ஒவ்வொரு அடுக்காகப் படிக்கட்டு மாதிரி இறங்குங்கள். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் படம் எடுங்கள். 1965 போரில் நேட்கள் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் பறந்தன, 1971க்குள் பச்சையும் பழுப்பும் ஏறிவிட்டது. எங்கள் விமானத்தில் ஆறு அடுக்கு இருந்தது. மேலே கல்லூரிக்காரர்கள் அடித்த நீலம், அதன் கீழ் மூன்று சாம்பல், அதன் கீழ் பச்சை, கடைசியில் வெறும் உலோகம். பச்சைக்கு மேலே வெள்ளையில் ஒரு 1, அதற்குப் பக்கத்தில் ஒரு 0, ஸ்டென்சில் வைத்து அடித்தது. தம்பி மூன்று வாரம் அந்த ஒரு சாண் இடத்தில் குனிந்தே உட்கார்ந்து மீதி இரண்டு எண்ணையும் எடுத்தான். பேனல் பின்னால் இருந்த எண்ணும் அதேதான்.

எண்ணை எடுத்ததும் மேலே மறுபடி வண்ணம் அடிக்காதீர்கள். அந்தச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு, நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட்டிங் கொடுத்து, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த ஆகஸ்டுக்கு பெயிண்ட் அடிக்க வருகிறவரிடம் அந்த இடத்தை நீங்களே நேரில் நின்று காட்டுங்கள்.